விலை உயர்ந்த எஸ்பிரெசோ மெஷின் இருந்தும் காப்பி ஏன் நாளுக்கு ஒரு மாதிரி வருகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: இடுக்கி மலையில் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்து வீட்டில், இரண்டரை லட்சம் கொடுத்து இரண்டு பாய்லர் உள்ள இத்தாலி மெஷின் வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் காப்பி புளிக்கிறது, மறுநாள் கசக்கிறது, என்றைக்காவது அருமையாக வருகிறது. வீட்டில் 'இதுக்கு நம்ம ஃபில்டரே தேவலாம்' என்கிறார்கள். சூட்டை எத்தனை டிகிரியில் வைப்பது, அழுத்தத்தை 9 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) 12க்கு ஏற்றலாமா என்று கேட்கிறீர்கள். செட்டிங் தப்பு என்றால் காப்பி தினமும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும் சார். உங்களுக்கு நாளுக்கு ஒரு மாதிரி கெடுகிறது. அப்படியானால் தேட வேண்டியது சரியான எண்ணை அல்ல. உங்கள் சமையலறையில் தினமும் எது மாறுகிறது என்பதை.

நான் கம்பத்தில் இருந்துகொண்டு குமுளி, தேக்கடி, மூணாறு பக்கத்து ஓட்டல், ரிசார்ட் மெஷின்களுக்கு வருஷக்கணக்கில் சர்வீஸ் பார்க்கிறவன். கொட்டை வறுப்பது என் தொழில் இல்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் வறுக்கிறவர்களோடு பழகித் தெரிந்தது. உங்கள் மெஷினை நான் நேரில் பார்க்கவும் இல்லை. ஆனாலும் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், சில நாள் கம்பத்திலிருந்து வரும் கேன். இரண்டு, உங்கள் தோட்டத்து ராபஸ்டாவையும் ஆன்லைனில் வாங்கும் சிக்மகளூர் அராபிகாவையும் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். மூன்று, கிரைண்டருக்குச் செலவழித்தது சில ஆயிரம்தான். இந்த மூன்றிலேயே வியாதி இருக்கிறது. மெஷினில் இல்லை.

நல்ல மெஷின் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி முன்னே பின்னே போகாமல் பிடித்துக்கொள்வது, 9 பார் அழுத்தத்தை ஆடாமல் கொடுப்பது, அதே நேரத்தில் பாலுக்கு ஆவி தருவது, இவ்வளவுதான். ருசியை அது உண்டாக்குவதில்லை. கொட்டை, அரைப்பு, தண்ணீர் இந்த மூன்றும் முடிவு செய்ததை மறைக்காமல் காட்டும். மலிவான மெஷினில் எல்லாமே கொஞ்சம் மங்கலாக வரும், அதனால் குறை தெரியாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருப்பது தப்பைப் பளிச்சென்று காட்டும் மெஷின்.

கிரைண்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பணம் போக வேண்டிய இடம் அது. எஸ்பிரெசோ என்பது அழுத்தம் கொடுத்து வெந்நீரைத் தூள் வழியே தள்ளி இறக்குவது; அதில் தண்ணீர் காப்பித்தூளோடு இருப்பது அரை நிமிஷம். அதற்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தூளின் அளவுதான் தீர்மானிக்கிறது. உங்கள் கிரைண்டரில் ஒரு கிளிக் தள்ளினால் 20 விநாடியில் ஓடுகிறது, அடுத்த கிளிக்கில் 45 விநாடி சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு கிளிக்குக்கும் நடுவில்தான் உங்கள் நல்ல காப்பி இருக்கிறது. அங்கே போக உங்கள் கிரைண்டருக்கு வழியில்லை. படியில்லாமல் நகர்த்தக்கூடியது வேண்டும், இல்லாவிட்டால் எஸ்பிரெசோவுக்கென்றே மிகச் சிறிய படிகள் உள்ளது வேண்டும். மின்சாரத்தில் ஓடும் நல்லது விலை அதிகம். வீட்டில் நாளைக்கு நாலைந்து கப்தான் என்றால், எஃகுப் பற்கள் உள்ள கையால் சுற்றும் கிரைண்டரே போதும். அதே விலை மின்சார கிரைண்டரை விட அது நன்றாகவே அரைக்கும். காலையில் கை வலிக்கிறது என்று திட்டுவீர்கள், பரவாயில்லை.

அடுத்தது தண்ணீர். இந்த மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் வேலை பார்ப்பதால் இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் போர்வெல் தண்ணீரில் ஓடும் மெஷினைத் திறந்தால், பாய்லர் உள்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் முட்டை ஓடு மாதிரி பெயரும். மூணாறில் ஊற்று நீரில் ஓடும் மெஷினில் இந்தச் சுண்ணாம்பே இருக்காது. பதிலுக்குச் செம்புக் குழாயின் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கும். மலை நீர் மிக மென்மை, லேசான அமிலத்தன்மை வேறு. அது உலோகத்தைக் கரைக்கிறது. காப்பிக்கும் அது சரிப்படாது. காப்பியில் இயல்பாக உள்ள புளிப்பைத் தணிப்பது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட். அது இல்லாத தண்ணீரில் அதே கொட்டை, அதே அரைப்பு, அதே சூடு எல்லாம் இருந்தும் காப்பி வெடுக்கென்று புளிக்கும். மழைக்காலத்தில் புளிப்பு கூடுகிறது என்று நீங்கள் சொன்னதற்கு முதல் சந்தேகம் என்னைப் பொறுத்தவரை இதுதான். லாரித் தண்ணீரில் பைகார்பனேட் மிஞ்சிப்போனால் நேர் எதிர்: புளிப்பு செத்து, காப்பி மந்தமாகிக் கசப்பு மட்டும் மேலே நிற்கும்.

ஆர்.ஓ. விற்கிறவர் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். கரைந்திருப்பது எவ்வளவு என்று அது உத்தேசமாகச் சொல்லும். அது சுண்ணாம்பா, உப்பா, பைகார்பனேட்டா என்று சொல்லாது. மீன் தொட்டிக் கடையில் ஜி.எச். (சுண்ணாம்பு வகைக் கடினத்தன்மையைக் காட்டுவது), கே.எச். (பைகார்பனேட்டைக் காட்டுவது) என்று இரண்டு சொட்டு மருந்துப் புட்டிகள் கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் சொட்டு சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். பெரும்பாலான புட்டிகளில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு 18 மில்லிகிராம் கணக்கு. கே.எச். இரண்டு மூன்று சொட்டில் நிற்க வேண்டும், ஜி.எச். ஐந்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் இருந்தால் மெஷினுக்கும் நல்லது, வாய்க்கும் நல்லது.

உங்கள் வீட்டில் மூன்று விதத் தண்ணீர் வருவதால், மூன்றையும் விட்டுவிட்டு நீங்களே ஒன்றைத் தயாரித்துக்கொள்வது சுலபம். நல்ல ஆர்.ஓ. தண்ணீர் 10 லிட்டரில் 1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால் ஆப்பச் சோடா 0.8 கிராம், பேக்கிங் பவுடரும் துணிச்சோடாவும் வேறு, அவற்றைப் போட்டுவிடாதீர்கள். இரண்டில் எதைப் போட்டாலும் கே.எச். கணக்கில் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராமுக்கு வந்துவிடும். சுண்ணாம்பு அறவே இல்லாததால் பாய்லரில் ஓடு கட்டாது. ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். ஆவி பாய்லரில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பி, தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்துத்தான் வேலை செய்கிறது. கரைந்த உப்பே இல்லாத தண்ணீரில் அதற்கு எதுவும் தெரியாது. பாய்லர் காலி என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் இழுக்கும், ஆவிக்குழாயில் ஆவிக்குப் பதில் வெந்நீர் பீச்சும். 'மெஷின் ரிப்பேர்' என்று எனக்கு வரும் போனில் சில, இந்தத் தண்ணீர் விவகாரம்தான்.

கொட்டைக்கு வருவோம். உங்கள் தோட்டத்து ராபஸ்டாவைக் கம்பத்தில் ஃபில்டர் காப்பிக்கு வறுக்கும் கடையில் கொடுத்து, இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வறுத்து வாங்குகிறீர்கள். அந்த வறுவல் டிகாஷனுக்கு, பாலுக்கு, சிக்கரிக்கு என்று அமைந்தது. கருகலுக்கு ஒரு படி முன்னால் நிறுத்துவார்கள். எஸ்பிரெசோவில் அது கரிக் கசப்பாகத்தான் வரும். போதாததற்கு மேலே எண்ணெய் கசிந்த கொட்டை கிரைண்டர் பற்களில் பிசினாக ஒட்டும். அடுத்த முறை, வறுக்கும்போது இரண்டாவது தடவை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதுமே இறக்கச் சொல்லுங்கள், ஒரு கிலோவுக்கு மேல் வறுக்க வேண்டாம். வறுத்து ஒரு வாரம் விட்டு எடுத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மீதியைச் சின்னச் சின்ன பாக்கெட்டாகக் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம், கெடாது. எடுத்த பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ராபஸ்டா என்றாலே மட்டம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இத்தாலியில் பல கலவைகளில் ராபஸ்டா உண்டு, நம் நாட்டுக் கொட்டையும் அங்கே போகிறது. வயநாடு ராபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நம் பக்கம் ஏலத்துக்கு நடுவில் ஊடுபயிராக நிற்கும் காப்பியை யாரும் பயிராக மதிப்பதில்லை. பச்சை, செங்காய், பழம் என்று பார்க்காமல் கிளையோடு உருவி, களத்தில் கனமாகக் கொட்டிக் காய வைக்கிறோம். நடுவில் ஒரு மழை பெய்தால் குவியலுக்குள் கை வைத்தால் சுடும். அந்தப் புழுங்கல் வாடையை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு சாக்குக்கு மட்டும் சோதித்துப் பாருங்கள். சிவந்த பழத்தை மட்டும் பறித்து, தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, ஒற்றை அடுக்காகப் பரப்பி, தினமும் புரட்டிக் காய வைத்து, அதைத் தனியாக வறுத்து வாருங்கள். தோட்டம் இல்லாதவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. பாய்லர் சூட்டை இரண்டு டிகிரி நகர்த்துவதால் வரும் வித்தியாசம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டு கொட்டையையும் மாற்றி மாற்றிப் போடுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்துங்கள். கொட்டை மாறினால் அரைப்பு மாற வேண்டும், சூடு மாற வேண்டும், அளவு மாற வேண்டும். தினமும் மாற்றினால் எதுவும் கைக்கு வராது. ஒரே கொட்டை. 18 கிராம் தூள், தராசில் வைத்து, ஒவ்வொரு தடவையும். கப்பையும் தராசில் வைத்து 36 கிராம் இறங்கியதும் நிறுத்துங்கள். பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 விநாடிக்குள் அது நடக்க வேண்டும். சீக்கிரம் ஓடி, தண்ணியாகப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். இழுத்து இழுத்துச் சொட்டி, நாக்கை வறட்டும் கசப்பு வந்தால் கொஞ்சம் பருவெட்டாக. சூடு, அழுத்தம், அளவு எதையும் தொடாமல் அரைப்பை மட்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஏலக்காய் எடை போடும் தராசு இதற்கு ஆகாது.

ஒரே கப்பில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால், தண்ணீர் தூளின் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டு ஓடுகிறது என்று அர்த்தம். அடி திறந்த போர்ட்டாஃபில்டர் (தூள் போடும் பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடி) ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் முதலில் பாஸ்கெட் அடி முழுக்கக் கருஞ்சிவப்புத் துளிகள் முத்து முத்தாக அரும்பி, பிறகு நடுவில் கூடி ஒற்றை நூலாக இறங்கும். தப்பு என்றால் ஒரு ஓரம் வெளுத்து, அங்கிருந்து ஊசி போல் உங்கள் சட்டையில் பீச்சும். இதற்கு மருந்து: மெல்லிய ஊசிகள் நாலைந்தை ஒரு தக்கையில் குத்தி, தூளை அடிவரை கிளறிக் கட்டி உடைத்து, மேலே சமமாக்கி, சாயாமல் நேராக அழுத்துவது. எவ்வளவு பலத்தோடு அழுத்துகிறோம் என்பது பெரிதல்ல. சாய்ந்திருக்கக் கூடாது.

இப்போது மெஷின். முன்பக்கம், போர்ட்டாஃபில்டரை மாட்டும் கனமான பித்தளைத் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஈ61 வகை என்று உங்கள் படத்தில் தெரிகிறது. ஃபேமா கம்பெனி 1961இல் கொண்டுவந்த வடிவம், இன்றும் ஓடுகிறது. அந்தத் தலை மட்டும் சுமார் நாலு கிலோ. பத்து நிமிஷத்தில் திரையில் 93 என்று வந்துவிடும், ஆனால் அது பாய்லரின் சூடு. தலை சூடேற அரை மணி, நாற்பது நிமிஷம் ஆகும். திரையை நம்பி முதல் கப்பைப் போட்டால் புளிக்கும், நாலாவது கப் இனிக்கும். நேரம் வைத்து இயக்கும் ஸ்விட்ச் ஒன்று போட்டு, எழுந்திருப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஆன் ஆக விடுங்கள். போர்ட்டாஃபில்டரும் அதிலேயே மாட்டியிருக்கட்டும்.

இதோடு நம் மலைக்கே உரிய இன்னொரு தொல்லை, வோல்டேஜ். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1400 வாட் தரும் ஹீட்டர், சாயங்காலம் 180 வோல்ட் வந்தால் 860 வாட்தான் தரும். சூடேற நேரமாகும், அடுத்தடுத்துப் போட்டால் சூடு மீளாது, ஆவியும் களைத்துப்போகும். ஒரு பேப்பரில் காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் வோல்டேஜைக் குறித்துப் பாருங்கள். 200க்குக் கீழே அடிக்கடி போனால், 5 கே.வி.ஏ. சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்கள். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் இந்தச் சுமையைத் தாங்காது. 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த், இரண்டும் கட்டாயம்.

சூட்டுக்கு எண் கேட்டீர்கள். அராபிகா நடுத்தர வறுவலுக்கு 93, உங்கள் ராபஸ்டாவுக்கு 89, 90 என்று தொடங்குங்கள். 96க்கு மேல் வைக்காதீர்கள். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 96ஐ ஒட்டியே கொதித்துவிடும், தலையிலிருந்து வெளிவரும்போது ஆவியாகிச் சீறித் தூளைக் கலைக்கும். ஒரே பாய்லரில் ஓடும் பழைய வகை மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மலையில் வேறொரு கணக்கு உண்டு. அழுத்தமானி காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும், அதனால் மேலே போகப் போக அதே 1 பாரில் பாய்லர் சூடு குறையும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அழுத்தத்தை 12க்கு ஏற்ற வேண்டாம். பெட்டி மேல் 15 பார் என்று போட்டிருக்கும் மெஷின்கள், பம்ப்பால் எவ்வளவு தள்ள முடியும் என்பதைச் சொல்கின்றன; காப்பிக்கு அது தேவை என்று அர்த்தமில்லை. ஓர் எல்லைக்கு மேல் தள்ளினால் தூள் இறுகி வழியடைக்கும், அல்லது பலவீனமான இடத்தில் பிளந்துகொள்ளும். 9இலேயே விடுங்கள். இறக்கிப் பார்க்க ஆசை என்றால் 8, 7 முயலலாம். சில கொட்டைகளுக்கு அது நன்றாகவே இருக்கிறது.

இதுவரை சொன்னது நான் பந்தயம் கட்டத் தயாராக இருக்கும் விஷயங்கள். இனி வருவதில் ஆளுக்கு ஒரு கருத்து. நேரத்துக்கு நேரம் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் வால்வு, தூள் மேல் வைக்கும் சல்லடைத் தட்டு, பாஸ்கெட் அடியில் போடும் வட்டக் காகிதம் எல்லாவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. சல்லடைத் தட்டால் தலை சுத்தமாக இருக்கிறது, அது நிச்சயம்; ருசி கூடுகிறது என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மழையில் காற்று ஈரமானால் அரைப்பை மாற்ற வேண்டும் என்பார்கள். மாற்ற வேண்டி வருவது உண்மை, எந்தப் பக்கம் என்பதில் எனக்குத் தெரிந்த ஓட்டல் மாஸ்டர்களிடையே சண்டையே உண்டு. 2020இல் 'மேட்டர்' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, ரொம்ப நைசாக அரைத்தால் தண்ணீர் சீராகப் போகாது, தூளைக் குறைத்து, பருவெட்டாக அரைத்து, சீக்கிரம் இறக்கினால் காப்பி ஒரே மாதிரி வரும் என்றது. ஒரே மாதிரி வரும் என்பது என் அனுபவத்திலும் சரி. ஆனால் காப்பியின் கெட்டித்தன்மை குறைந்துவிடுகிறது. பாலோடு குடிக்கும் வீட்டில் அது எடுபடாது. பாலுக்கென்றால் 18 கிராமிலிருந்து 36க்குப் பதில் 27, 28 கிராமில் நிறுத்துங்கள், பாலை 60, 65 டிகிரி தாண்ட விடாதீர்கள். வீட்டில் ஃபில்டர் காப்பிச் சூடு கேட்பார்கள். டம்ளரை வெந்நீரில் அலசிச் சூடாக்கிக் கொடுத்தால் பாதிப் புகார் அடங்கும்.

பராமரிப்பில் நீங்களே செய்ய வேண்டியது: தினமும் கடைசிக் கப்புக்குப் பிறகு ஓட்டையில்லாத பாஸ்கெட்டைப் போட்டு வெறும் தண்ணீரில் பின்னோட்டம் (தண்ணீரைத் திருப்பி ஓட்டித் தலையைக் கழுவுவது), வாரம் ஒரு தடவை அதற்கென்று விற்கும் பொடியோடு, வருஷத்துக்கு ஒரு முறை தலையின் ரப்பர் வளையம் மாற்றுவது. ஆவிக்குழாயை ஒவ்வொரு முறையும் உடனே துடைத்து ஊதிவிடுங்கள். பாய்லருக்குள் சுண்ணாம்பு நீக்கும் அமிலத்தை நீங்களாக ஊற்ற வேண்டாம். மெஷின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் விடுங்கள். கதகதப்புக்குக் கரப்பானும் பல்லியும் உள்ளே குடிவரும். போர்டில் உள்ள ரிலே ஸ்விட்சின் காலில் கருகி ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைச் சுரண்டி எடுத்து, போர்டு மாற்றச் சொல்லி பில் கொடுப்பது எனக்கும் சந்தோஷமான வேலை இல்லை. பாதுகாப்பு வால்வு, ஹீட்டர், போர்டு இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள்; ஆவி பாய்லர் அணைத்த பிறகும் நெடுநேரம் அழுத்தத்தோடுதான் இருக்கும். தண்ணீரையும் கிரைண்டரையும் சரிசெய்து இரண்டு வாரம் ஒரே கொட்டையில் ஓட்டிய பிறகும் காப்பி மாறி மாறி வந்தால், காப்பி இறங்குவதை அழுத்தமானியும் தராசும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து இங்கேயே போடுங்கள். கே.எச். எத்தனை சொட்டு, வோல்டேஜ் எவ்வளவு என்பதையும் கூடவே எழுதுங்கள்.